எந்த ஸ்டேஷனில் நின்று கேட்கிறீர்கள்?

கேள்வி: லண்டன் பாதாள ரயில் வரைபடத்தில் தூரத்துக்குப் பதிலாகப் பயண நேரத்தைக் காட்டினால் என்ன?

பதில்: இப்போது மட்டும் தூரத்தைக் காட்டுகிறார்களாக்கும்! 1931-ல் ஹாரி பெக் என்ற வரைவாளர், நிலப்படத்தை ஓரங்கட்டிவிட்டு, மின்சுற்றுப் படம் மாதிரி நேர்கோடும் 45 டிகிரிச் சாய்வுமாகப் போட்டுக் கொடுத்தார். மேலிடம் முதலில் வேண்டாம் என்றது. 1933-ல் அச்சாகி வந்ததும் ஜனங்கள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள்.

விளைவு? லெஸ்டர் ஸ்கொயரிலிருந்து கோவன்ட் கார்டன் சுமார் 260 மீட்டர்தான். படத்தைப் பார்த்தால் அது தெரியாது. வெளியூர்க்காரர் பாவம், டிக்கெட் எடுத்து, இறங்கி, ரயிலேறி, ஒரு நிமிஷத்துக்குள் அடுத்த ஸ்டேஷனில் நிற்பார். அங்கே லிஃப்டில் கூட்டம். பொறுமை இல்லையென்றால் 193 சுழல்படி. நடந்து போனவர் அதற்குள் காபி குடித்து முடித்திருப்பார்.

நேரப்படத்தில் சிக்கல் என்னவென்றால், ஒரு ஸ்டேஷனை நடுவில் வைத்து, பத்து நிமிஷம், இருபது நிமிஷம் என்று சுற்றி வட்டம் போடுவது சுலபம். ஆனால் அடுத்த ஸ்டேஷன்காரருக்கு அது உதவாது. 272 ஸ்டேஷனுக்கும் 272 படம் வேண்டும். எல்லாவற்றையும் ஒரே தாளில் அடக்கப் பார்த்தால், பக்கத்துப் பக்கத்தில் இருந்தும் இரண்டு இடத்தில் மாறிப் போக வேண்டிய ஸ்டேஷன்கள் தாளையே கிழித்துவிடும். ரயிலுக்குக் காத்திருக்கும் நேரத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

ஆனாலும் 2015-ல் லண்டன் போக்குவரத்து நிர்வாகம் ஒரு நேரப்படம் வெளியிட்டது: ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் நடக்க எத்தனை நிமிஷம் ஆகும் என்று!