படிக்காமலே படித்துக்கொண்டிருப்பது எப்படி?

அரசு வேலைக்குத் தேர்வு எழுதுவோருக்கு வழிகாட்டும் நூல்கள் கடை கடையாகக் கிடைக்கின்றன. எல்லாவற்றிலும் ஒரே குறை: படிக்கச் சொல்கின்றன. படித்தால் தேர்ச்சி பெற்றுவிடும் அபாயம் இருக்கிறது. பெற்றுவிட்டால் ஏதாவது ஒரு தாலுகா அலுவலகத்தில் கோப்புகளுக்கு நடுவே உட்காரவைத்துவிடுவார்கள். "எங்க தம்பி குரூப் போருக்குப் படிக்கிறான்" என்று அம்மா பக்கத்து வீட்டில் சொல்லும் கௌரவம் அன்றோடு போய்விடும். அந்தக் கௌரவத்தை வருடக்கணக்கில் கட்டிக் காப்பது எப்படி என்று சொல்வதே இந்த வழிகாட்டி.

தேவையான பொருள்கள்: ஒரு ஸ்மார்ட்போன், தினம் ஒன்றரை ஜி.பி. டேட்டா, மின்விசிறிக்கு நேர் கீழே ஒரு பாய்.

1. காலையில் எழுந்ததும் கணக்குப் போட்டு மலையுங்கள்

2022 ஜூலை 24 அன்று நடந்த குரூப் 4 தேர்வுக்கு 22 லட்சம் பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள். முதலில் அறிவித்த இடங்கள் 7,301. வகுத்துப் பார்த்தால் ஓர் இடத்துக்கு முந்நூறு பேர். இந்த வகுத்தலைத் தினமும் பல் துலக்கும்போது ஒரு தடவை போடுங்கள். பிறகு எதையும் திறக்க மனம் வராது; அதுதான் நமக்கு வேண்டியது.

விண்ணப்பித்தவர்களில் லட்சக்கணக்கானோர் அன்று தேர்வுக்கூடத்துக்கே வரவில்லை என்பதையும், வந்தவர்களிலும் பலர் நம்மைப் போலவே தயாரானவர்கள் என்பதையும் நினைத்துப் பார்க்காதீர்கள். நினைத்தால் நம்பிக்கை வந்துவிடும்.

2. எல்லாக் குழுவிலும் சேருங்கள்

வாட்ஸ்ஆப் குழுவில் 1,024 பேர்தான் இருக்கலாம். டெலிகிராம் குழுவில் இரண்டு லட்சம் பேர் வரை இருக்கலாம். ஆகவே டெலிகிராமே மேல். "வெற்றி நமதே" என்ற பெயரில் ஒன்று, "இலக்கு" என்ற பெயரில் ஒன்று, "வி.ஏ.ஓ. கனவு" என்று ஒன்று, பெயரைப் பார்த்தாலே வேலை கிடைத்த மாதிரி இருக்க வேண்டும்.

காலை ஆறு மணிக்குச் சூரியோதயப் படத்தோடு பொன்மொழி வரும். கைகூப்பும் பொம்மை ஒன்றைப் பதிலுக்கு அனுப்புங்கள். அதன்பின் நடப்பு நிகழ்வுகள் வரும். அதே நடப்பு நிகழ்வுகள் மற்ற குழுக்களிலும் வரும். எல்லாவற்றையும் கடைசி வரை தள்ளிக்கொண்டே போனால் மணி பத்து. அம்மா இட்லியோடு வந்து, "காலையிலேயே உக்காந்துட்டியாப்பா, கண்ணு என்னத்துக்கு ஆகும்?" என்பார். இதைவிடப் பெரிய சான்றிதழ் இல்லை.

குழுவில் இருக்கும் எல்லாரும் உங்களோடு போட்டியிடுகிறவர்கள்தானே, அவர்கள் ஏன் மெனக்கெட்டு உங்களுக்கு நோட்ஸ் அனுப்புகிறார்கள் என்ற கேள்வி எழலாம். எழவிடாதீர்கள்.

3. இறக்குங்கள், இறக்கிக்கொண்டே இருங்கள்

கேள்விகளில் பெரும்பங்கு ஆறாம் வகுப்பு முதல் உள்ள பள்ளிப் பாடப் புத்தகங்களைச் சுற்றியே வரும். 2018 முதல் வந்த புதிய புத்தகங்களைத் தமிழிலேயே இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பாடத்துக்குப் பாடம் க்யூஆர் குறியீடு வேறு அச்சடித்திருக்கிறார்கள். இதுவரை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் புத்தகத்தைத் திறந்தால் அதில் பாடம் இருக்கிறது.

அதனால் புத்தகத்துக்குப் பதில் புத்தகத்தின் "ஒன் லைனர்" பி.டி.எஃப்-ஐ இறக்குங்கள். அது இருநூறு பக்கம் இருந்தால் அதன் சுருக்கத்தை இறக்குங்கள். பிறகு "கடைசி நேர 100", "கடைசி நேர 50", "கண்டிப்பாக வரும் 25". இவற்றை "முக்கியம்", "மிக முக்கியம்", "இதை மட்டும் படி", "புதிய ஃபோல்டர் 2" என்று வகைப்படுத்துங்கள். டெலிகிராம் ஒரே கோப்பாக 2 ஜி.பி. வரை அனுப்பவிடும். அவ்வளவு பெரிய கோப்பு இறங்கி முடியும்போது ஒரு பெரிய பாடத்தை முடித்த களைப்பு உடம்பில் நிஜமாகவே வரும்.

இந்தத் தேர்வுகளை நடத்தும் தேர்வாணையம் 1929-ல் சென்னை மாகாணத்தில் தொடங்கியது. அன்றிலிருந்து இன்றுவரை எந்த வினாத்தாளிலும் "உங்களிடம் எத்தனை பி.டி.எஃப். இருக்கிறது?" என்று கேட்டதில்லை. அடுத்த முறை கேட்டால் நீங்கள்தான் மாநிலத்தில் முதல்.

4. தேதியைப் பார்க்காதீர்கள்

பி.டி.எஃப். எந்த வருடம் தட்டச்சு செய்தது என்று ஆராய்வது நன்றி கெட்டதனம். தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள் என்று அதில் இருந்தால் 32 என்றே படியுங்கள். 2019-ல் தென்காசி, கள்ளக்குறிச்சி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று ஐந்து சேர்ந்ததும், 2020-ல் மயிலாடுதுறை சேர்ந்து 38 ஆனதும் பி.டி.எஃப்-க்குத் தெரியாது. நீங்கள் மயிலாடுதுறைக்காரராகவே இருந்தாலும், சொந்த ஊர் எந்த மாவட்டம் என்று அதைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும். மாநிலங்கள் 29 என்று இருந்தால் 29. ஜம்மு காஷ்மீர் 2019 அக்டோபர் 31 முதல் மாநிலமாக இல்லை என்பதைத் தேர்வறையில் தெரிந்துகொண்டால் போதும்.

ஒருவர் செய்த தட்டச்சுப் பிழை இருபது குழுக்கள் வழியாக உங்களிடம் வந்தால், இருபது இடத்தில் ஒரே மாதிரி இருப்பதால் அது சரி என்று கொள்க.

5. வீடியோவை இரட்டை வேகத்தில் ஓடவிடுங்கள்

ஒரு மணி நேர வகுப்பை அரை மணியில் முடிக்கலாம். மிச்சமாகும் அரை மணியில் இன்னொரு வீடியோ. ஆசிரியர் கீச்சுக்குரலில் பல்லவர் கால ஆட்சி முறையை ஓட்டிச் செல்லும்போது, நீங்கள் பாயில் ஒருக்களித்துப் படுத்துத் தலையாட்டிக்கொண்டிருக்கலாம். அவர் சொல்வது புரிகிறது என்பதற்கும் நமக்குத் தெரியும் என்பதற்கும் நடுவில் உள்ள தூரம் வீடியோ ஓடும்வரை கண்ணுக்குப் படாது.

ஷார்ட்கட் சொல்பவர்களை விடாதீர்கள். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்ற ஐந்து பெயர்களை மனப்பாடம் செய்வது சிரமம். "குமுமநெபா" என்று வைத்துக்கொண்டால் சுலபம். குமுமநெபாவை நினைவில் வைக்க இன்னொரு ஷார்ட்கட் அடுத்த வீடியோவில் வரும்.

முடிந்ததும் கீழே "வேற லெவல் சார்" என்று எழுத மறக்காதீர்கள். பாடத்தில் நீங்கள் கைப்பட எழுதுவது அது ஒன்றுதான்.

6. பிறர் படிப்பதைப் பாருங்கள்

தேர்வாணையம் ஆண்டுத் திட்டம் வெளியிடுகிறது. நீங்களும் ஒன்று வெளியிடுங்கள்: மூன்று நிறப் பேனா, கட்டம் போட்ட அட்டவணை, அதிகாலை நாலரைக்கு "தமிழ் இலக்கணம்". படம் எடுத்து ஸ்டேட்டஸில் போடுங்கள். எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதை மணிக்கொரு தரம் சரிபாருங்கள். சோர்வாக இருந்தால், யாரோ ஒருவர் தன் மேசையில் உட்கார்ந்து பேசாமல் படிப்பதை நேரலையில் காட்டும் வீடியோக்கள் இருக்கின்றன. அவர் படிப்பார்; நீங்கள் பார்ப்பீர்கள். வேலையும் அவருக்கே கிடைக்கலாம். அதைப் பெருந்தன்மையாக விட்டுக்கொடுங்கள்.

7. பேனாவைத் தொடாதீர்கள்

குரூப் 4-ல் 200 கேள்விகள், மூன்று மணி நேரம். கேள்விக்கு 54 விநாடி. அதற்குள் படித்து, யோசித்து, ஓ.எம்.ஆர். தாளில் வட்டத்தைக் கறுப்பாக்க வேண்டும். தமிழ்ப் பகுதியில் 100 கேள்விகள், 150 மதிப்பெண். அதில் 40 விழுக்காடாவது எடுக்காவிட்டால் மீதியைத் திருத்தவே மாட்டார்கள். இதற்குக் கையில் கடிகாரம் வைத்துப் பழைய வினாத்தாளை எழுதிப் பழகுவது ஒரு வழி. அந்த வழியில் உங்கள் மதிப்பெண் உங்களுக்குத் தெரிந்துவிடும். கூடாது.

டெலிகிராமில் வினாடி வினா வரும். தொட்டால் பச்சை, தவறினால் சிவப்பு. நான்கில் ஒன்று குருட்டாம்போக்கிலேயே சரியாகும். அந்தப் பச்சைகளை மட்டும் கணக்கில் வையுங்கள். தேர்வில் ஐந்தாவதாக ஒரு வட்டம் கொடுத்திருக்கிறார்கள்: "விடை தெரியவில்லை". நம் பாடத்திட்டம் முழுவதையும் கவனித்துப் படித்தவர்களுக்கு அந்த ஒரு வட்டம் தண்ணீர் பட்ட பாடு.

8. ஊர் நூலகத்துப் பக்கம் போகாதீர்கள்

மிக ஆபத்தான இடம் இது. சென்னை கோட்டூர்புரத்தில் 2010-ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகமும் மதுரையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகமும் பெரிய ஆபத்துகள். மாவட்ட மைய நூலகமும் கிளை நூலகமும் சின்ன ஆபத்துகள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் தன்னார்வ பயிலும் வட்டம் என்ற பெயரில் இலவச வகுப்பும் மாதிரித் தேர்வும் நடத்துகிறார்கள். அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு போங்கள்.

புத்தகங்களால் அல்ல, அங்கே வரும் ஆட்களால்தான் ஆபத்து. நூலக வராந்தாவில் நாலைந்து பேர் ஜெராக்ஸ் எடுத்த ஒரே வினாத்தாளைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்த அக்கா ஒருவர், இரவு ஷிப்ட் முடித்து வந்த தம்பி ஒருவன், கல்லூரி முடித்த இரண்டு பெண்கள்.

"அக்கா, 'ஓடிய குதிரை' வினையெச்சம்தானே?"

"எதுலடா முடியுது? குதிரை பெயரா, வினையா?"

"பெயரு."

"அப்புறம் என்ன எச்சம்?"

"…பெயரெச்சம்."

"போன வாரமும் இதைத்தான் தப்பா போட்ட."

இப்படி நாலு பேர் முன்னால் வாங்கிக் கட்டிக்கொண்டவன் பெயரெச்சத்தை ஓய்வு பெறும்வரை மறக்கமாட்டான். தெரியாதது தெரியாது என்று அங்கே அடுத்த நிமிடமே வெளிப்பட்டுவிடுகிறது. நாளைக்கு வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்கிறார்கள். இரண்டு லட்சம் பேர் உள்ள குழுவில் இந்தத் தொல்லை இல்லை.

இவர்களிடமும் போன் இருக்கிறது. தேர்வாணையத்தின் தளத்திலிருந்து பழைய வினாத்தாளை இறக்குகிறார்கள், மாவட்ட எண்ணிக்கையைச் சரிபார்க்கிறார்கள், புரியாத கணக்குக்கு மட்டும் ஒரு வீடியோவைச் சாதாரண வேகத்தில் பார்க்கிறார்கள். பிறகு போனைப் பைக்குள் போட்டுவிடுகிறார்கள். இவ்வளவு பெரிய கருவியை இவ்வளவு கொஞ்சமாகப் பயன்படுத்துகிறவர்களை என்னவென்று சொல்வது? இவர்களில் ஒருவருக்கு வேலை கிடைத்தால் அதோடு நிற்பதும் இல்லை. லீவு நாளில் வந்து தெருவில் உள்ள மற்றப் பிள்ளைகளை உட்காரவைக்கிறார்கள். அப்படித்தான் சில தெருக்களே கெட்டுப்போகின்றன.

9. தேர்வு முடிந்த அன்று மாலை

இதுதான் நம் அறுவடைக் காலம். விடைக்குறிப்புகள் குழுவுக்கு ஒன்றாக வரும், ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. எதில் உங்களுக்கு மதிப்பெண் கூடுகிறதோ அதுவே சரியான விடைக்குறிப்பு. தேர்வாணையம் தன் விடைக்குறிப்பை வெளியிட்டதும் அதன்மேல் கோபப்படுங்கள். "கட்-ஆஃப் இவ்வளவுதான்!" என்று சிவப்பு எழுத்தில் வரும் வீடியோக்களை முடிவு வெளிவரும்வரை பாருங்கள். முடிவு வந்த மறுநாளே "அடுத்த அறிவிப்பு விரைவில்" என்று ஒரு செய்தி வரும். புதிய ஃபோல்டர் 3-ஐத் திறந்து முதல் படியிலிருந்து தொடங்குங்கள்.

இந்த ஒன்பது படிகளையும் வரிசை தப்பாமல் பின்பற்றினால் பலன் உறுதி. வயது வரம்பு ஒன்று இருக்கிறது. அது வரும்வரை உங்களை யாரும் அசைக்க முடியாது.

மாறாக, வேலை வேண்டும் என்றே நினைப்பவர்களுக்கு இது ஏற்றதல்ல. பாடப் புத்தகம் இலவசம், வேலைவாய்ப்பு அலுவலக வகுப்பு இலவசம், பழைய வினாத்தாள் இலவசம். எல்லாம் உங்கள் போன் வரைக்கும் வந்துவிட்டன. உங்களைக் கேள்வி கேட்கும் ஆள்தான் வரவில்லை. அவர் உங்கள் ஊரிலேயே இருக்கிறார். ஆகவே இந்தக் கட்டுரையை எந்தக் குழுவுக்கும் அனுப்ப வேண்டாம். ஆறாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தையும் ஒரு பேனாவையும் எடுத்துக்கொண்டு நாளைக் காலையில் நூலகம் திறக்கும்போது போய்விடுங்கள்.