நம்ம ரூட் இல்ல சார்

யு.கே.ஜி. பன்னிரண்டரைக்கு விட்டுவிடும். ஆபீஸ் ஆறு மணிக்கு விடும், அதுவும் மேனேஜர் மனசு வைத்தால். நடுவில் கிடக்கும் ஐந்தரை மணி நேரத்துக்குத்தான் டே கேர். ஆனால் பள்ளியிலிருந்து பிள்ளையை அங்கே கொண்டுபோய் விடுவது யார்?

வேன் அண்ணனைக் கேட்டேன். "நம்ம ரூட் இல்ல சார்." டே கேர் அவர் போகிற சாலையிலிருந்து இரண்டே தெரு தள்ளி. ஆனால் வேன் ரூட் பஞ்சாங்கம் மாதிரி. யாரோ எப்போதோ கணித்தாயிற்று, நாம் அனுசரிக்க வேண்டியதுதான். கெஞ்சிய பிறகு, "எதுக்கும் ஆயாவ ஒரு வார்த்தை கேட்டுக்குங்க" என்றார். அதிகாரம் எங்கே இருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது.

பள்ளிப் பேருந்துகள் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டாதபடி கருவி பொருத்தச் சொல்லி 1997இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மத்தியான வேளச்சேரியில் 40ஐத் தொட்ட வண்டியை நான் கண்டதில்லை. வண்டியில் ஆயா போல ஓர் உதவியாளர் கட்டாயம் என்கின்றன தமிழக அரசின் 2012 சிறப்பு விதிகள். ஓட்டை விழுந்த பள்ளிப் பேருந்திலிருந்து ஒரு சிறுமி விழுந்து இறந்த பிறகு வந்தவை அவை. அதில் சிரிக்க ஒன்றுமில்லை. அதனால் ஆயாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

ஆயா சம்மதித்தார். ஆனால் வேனை விட்டு இறங்க மாட்டார். டே கேர் ஆயாவோ கேட்டைத் தாண்டி வர மாட்டார். இடையே இருந்த பத்தடிக்கு விதி எழுத அரசு மறந்துவிட்டது. ஹாரன் அலறும், உள்ளேயிருந்து பாத்திரம் பதில் சொல்லும். என் மகள் மூட்டை முடிச்சோடு படியில் உட்கார்ந்து பக்கத்துப் பையனின் முறுக்கைத் தின்று முடிப்பாள்.

ஒருநாள் இரண்டு ஆயாக்களும் செஞ்சிப் பக்கம் என்று தெரியவந்தது. போயிற்று! இப்போது வேன் ஆயா இறங்குகிறார், டே கேர் ஆயா வெளியே வருகிறார், நாற்று நட்டதிலிருந்து நாத்தனார் வரை பேச்சு. வேனுக்குள் மற்ற பிள்ளைகள் வேர்த்து வழிய, பெற்றோர் வாட்ஸாப் குரூப்பில் என் தலை உருள்கிறது.

வேன் ஓடாத மே மாதத்துக்கும் ஃபீஸ் உண்டு, அது ஊரறிந்த வழக்கம். இந்த வருடம் அதோடு, "டே கேர் சுத்துக்கு டீசல்" என்று தனியாகவும் கேட்டார் அண்ணன். நிற்கிற வேனுக்கு டீசல் எதற்கு என்று வாயெடுத்தேன். மனைவி என் காலை மிதித்தாள்.

"ஜிபே பண்ணிடறேன் அண்ணா" என்றேன்.