திபேரியஸ் தலையில் ஒரு உளி

கறம்பக்குடி பக்கத்துக் கருக்காகுறிச்சியில் 1898-இல் மண்ணுக்குள்ளிருந்து 501 ரோமானியப் பொற்காசுகள் கிளம்பின. அகஸ்டஸில் தொடங்கி வெஸ்பாசியன் வரைக்கும் ரோமாபுரிப் பெருந்தலைகள் நம்ம செம்மண்ணில் ஒன்றாகக் குப்புறக் கிடந்திருக்கின்றன. அதிலும் பெரும்பாலான தலைகளின் மீது குறுக்கே ஒரு உளிவெட்டு. ஏன் வெட்டினார்கள் என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். எனக்கு ஒரு காரணம் தெரியும், கடைசியில் சொல்கிறேன்.

மிளகுக்கும் முத்துக்கும் துணிக்கும் தங்கத்தை இறைத்துவிட்டு, அங்கே ரோமானிய எழுத்தாளர் பிளினி தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். வருஷத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸ் இந்தியாவுக்குப் போகிறதாம். மாசக் கடைசியில் மளிகைக் கடைப் பாக்கி நோட்டைப் புரட்டும் குடும்பத் தலைவர் குரல்தான், மொழி மட்டும் லத்தீன்.

தங்கம் தவிர ரோமாபுரிக்காரர்களிடம் பெருமைப்பட ஒன்று இருந்தது: கண்ணாடி. கி.மு. முதல் நூற்றாண்டில் சிரியா, பாலஸ்தீனக் கரையில் எவனுக்கோ அதை ஊதலாம் என்று தோன்றியது. முதலில் கண்ணாடிக் குழாயின் ஒரு முனையை அடைத்து மறுமுனையில் ஊதிப் பார்த்திருக்கிறார்கள்; அந்தக் குப்பை எருசலேமில் தோண்டியபோது கிடைத்தது. பிறகுதான் இரும்புக் குழல். நம்ம வீட்டு ஊதாங்குழலின் பணக்காரச் சித்தப்பா என்று வையுங்கள். நம்ம அப்பத்தாக்கள் ஊதி ஊதிக் கண் கரித்ததுதான் மிச்சம். அவன் ஊதினான், ஜாடி வந்தது.

வேலை அதிரசப் பாகு மாதிரி, பதம் தப்பினால் போச்சு. உருகிய கண்ணாடியைக் குழல் நுனியில் சுற்றி எடுத்து, கல் பலகையில் வண்ணக் கண்ணாடிச் சில்லுகளைப் பரப்பி, அதன்மேல் உருட்ட வேண்டும். கோபால்ட்டில் நீலம், செம்பில் பச்சைநீலம், மாங்கனீஸில் ஊதா. மறுபடி அடுப்பில் காட்டி ஊதினால், ஒட்டிய சில்லெல்லாம் குமிழியோடு சேர்ந்து விரிந்து புள்ளி புள்ளியாகப் பூக்கும். குழலைத் திருப்புவதை நிறுத்தினால் பாகு ஒருபக்கமாகத் தொங்கிவிடும். முடிந்தபின் சூட்டை மெல்ல மெல்லத்தான் இறக்க வேண்டும். அவசரப்பட்டால் ராத்திரியில் தானே ‘டிக்’ என்று விரிசல் விடும்.

சீதோனில் என்னியோன் என்றொருவர் அச்சுக்குள் ஊதிய பாத்திரங்களில் ‘என்னியோன் செய்தது’ என்று பெயரையும் பதித்துவிட்டார். கோயில் டியூப்லைட்டில் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு ‘உபயம்’ எழுதுகிறவர்களுக்கு முப்பாட்டன்.

நம்ம ஆட்கள் சும்மா இருந்தார்களா? அரிக்கமேட்டில் ஊதுவதை விட்டு இழுத்தார்கள். இரும்புக் கம்பியில் பாகைக் கூம்பாகத் திரட்டி, நடுவே துளை விட்டு, நுனியைப் பிடித்து நூல் மாதிரி நீளக் குழாயாக இழுப்பது. பிறகு துண்டு துண்டாக வெட்டி, துளை அடையாமல் இருக்கச் சாம்பலோடு சேர்த்துச் சுட்டால் முனை மழுங்கிய மணி. இதே வித்தையை ஆந்திராவின் பாப்பநாயுடுபேட்டையில் நம்ம காலத்திலும் செய்தார்கள். ரோமாபுரி ஜாடி கப்பல் ஆட்டத்துக்கே பயந்து வைக்கோலுக்குள் ஒடுங்கும். இந்தப் பொடி மணி கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து தென்கிழக்கு ஆசியா வரை கழுத்து கழுத்தாக ஊர் சுற்றியது.

இப்போது அந்த உளிவெட்டு. ஒரு கண்ணாடிக்காரன் கீழே போட்டாலும் உடையாத கிண்ணம் ஒன்றைச் சக்கரவர்த்தி திபேரியஸிடம் கொண்டுபோனானாம். தரையில் அடித்தான், நசுங்கியது, சுத்தியலால் தட்டி நேராக்கினான். “இந்த ரகசியம் வேறு யாருக்காவது தெரியுமா?” என்றார் சக்கரவர்த்தி. பாவி, பெருமையாக “எனக்கு மட்டும்தான்” என்றான். தலை போய்விட்டது. தங்கத்தின் மதிப்பு குறைந்துவிடும் என்று பயமாம். பிளினிக்கே இந்தக் கதையில் முழு நம்பிக்கை இல்லை, எனக்கு உண்டு.

ஏனென்றால் கருக்காகுறிச்சிக் காசுகளில் திபேரியஸ் ஏராளம். நம்ம ஊர்த் தட்டான் யாருக்கோ சேதி எட்டியிருக்கிறது. ஒரு தொழிலாளி தலைக்கு எத்தனை தலை என்று கணக்குப் போட்டு, உளியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.