அந்தமானில் காரைத் தொலைவிலிருந்து கிளப்புதல்: ஓர் ஆய்வு

ரிமோட் ஸ்டார்ட்டர் எனப்படுவது, உரிமையாளர் காருக்குள் ஏறாமலும் சாவியைத் திருகாமலும், வீட்டு மாடியிலோ வாசலிலோ நின்றபடி ஒரு பொத்தானை அழுத்தி இன்ஜினை ஓடவைக்க உதவும் மின்னணுக் கருவியாகும். கடுங்குளிர் நாடுகளின் தேவைக்காகப் பெருகிய இக்கருவி, குளிர் என்பது ஐஸ்கிரீம் கடையில் மட்டுமே கிடைக்கக்கூடிய அந்தமான் தீவுகளில் சொந்தக் கார் வைத்திருப்போருக்கு என்ன பயன் தரக்கூடும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். போர்ட் பிளேரும் (2024 செப்டம்பர் முதல் ஸ்ரீ விஜயபுரம்) அங்கிருந்து வடக்கே திக்லிப்பூரை நோக்கிச் செல்லும் அந்தமான் டிரங்க் சாலையும் ஆய்வின் எல்லைகள். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இத்தீவுகளில் வாழ்வோருள் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் ஆதலால், ஆய்வு தமிழில் அமைந்ததற்கு வேறு நியாயம் தேடவேண்டியதில்லை.

கருவியின் பிறப்புக் காரணத்தை முதலில் தெளிந்துகொள்ள வேண்டும். வெப்பநிலை உறைநிலைக்கு 30 பாகை கீழே இறங்கும் கனடாவின் உட்பகுதிகளில் இன்ஜின் ஆயில் கெட்டிப்பட்டு, பேட்டரி வலுவிழந்து, கண்ணாடியில் பனி படிந்து, இருக்கையும் அமர இயலாதபடி குளிர்ந்துவிடுவதால், காலை உணவு முடிவதற்குள் வண்டி தானே ஓடிச் சூடேறி நிற்பது அங்கே ஆடம்பரம் அன்று. இந்தியாவுக்குள் இதற்கு இணையான நிலையைத் தேடினால் லடாக் வரை போகவேண்டும். அங்கே குளிரில் டீசலே மெழுகுபோல் உறையத் தொடங்குவதால், உறைநிலைக்கு 33 பாகை கீழும் ஓட்டம் கெடாத குளிர்காலத் தனி டீசலை இந்தியன் ஆயில் நிறுவனம் 2019 நவம்பரில் வெளியிட்டது. போர்ட் பிளேரிலோ வெப்பமானி 20 பாகைக்குக் கீழே இறங்குவதே அரிது. உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பம் ஏறத்தாழ ஆறரை பாகை குறையும் என்னும் பொது விதியைக் கொண்டு கணக்கிட்டாலும், இத்தீவுகளிலேயே உயரமானதும் 732 மீட்டர் எழுந்து நிற்பதுமாகிய சேடில் பீக்கின் உச்சி கடற்கரையைவிட ஐந்து பாகை அளவே குளிர்ந்திருக்கக் கூடும். அவ்வுச்சிக்குக் காட்டுவழியே நடந்துதான் ஏறவேண்டும் ஆதலால், அந்தமானில் குளிரால் விறைத்த காரை நேரில் கண்டு ஆராயும் வாய்ப்பு இவ்வாய்வுக்குக் கிட்டவில்லை.

ஆகவே, இக்கருவி தீவுக்கு வந்த அளவில் தன் தொழிலைத் தலைகீழாக மாற்றிக்கொண்டு, சூடேற்றும் கருவி என்னும் நிலையிலிருந்து சீட்டைக் குளிரவைக்கும் கருவியாகிவிடுகிறது என்று கொள்வதே முறை. முந்தைய பயணத்தின் முடிவில் ஏசிக் குமிழை அணைக்காமல் விட்டிருந்தால், இன்ஜின் கிளம்பியவுடன் குளிர்காற்றும் வரத் தொடங்கும். இதற்கான தேவை இல்லை என்று சொல்வதற்கில்லை. இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையைக் கொண்டு கணிக்கப்படுவது. போர்ட் பிளேரோ 92.7 பாகையை ஒட்டி அமைந்திருப்பதால், அங்கே சூரியன் கடிகாரத்தைவிட ஏறத்தாழ 41 நிமிடம் முந்திக்கொண்டு நடக்கிறது. கடிகாரப்படி எட்டரை மணிக்கு அலுவலகம் கிளம்பும் ஊழியரின் கார், சூரியக் கணக்கில் ஒன்பது மணி பத்து நிமிட வெயிலில் நின்றுகொண்டிருக்கிறது. நிழலில் நிறுத்தலாமே எனின், தீவில் எளிதில் கிடைக்கும் நிழல் தென்னை நிழல். அதன் அடியில் சீட்டு குளிரும், முன்கண்ணாடிக்கு உத்தரவாதம் இல்லை.

வரலாற்றை நோக்கினால், வண்டியைக் கிளப்புதல் என்பது தொடக்கத்தில் தோள்வலிமை சார்ந்த கலையாகவே இருந்தது. வண்டியின் முன்புறத்தில் இரும்பு ஹேண்டிலைச் செருகிச் சுழற்றும்போது இன்ஜின் எதிர்த்துதைத்தால் மணிக்கட்டு முறியும் என்பதால், இன்ஜினைக் கிளப்புவோர் கட்டைவிரலை மடக்காமல் பிடிக்கும் முறையைக் கவனமாகப் பயின்றனர். ஓஹியோ மாநிலத்தின் டேட்டன் நகரில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் 1912ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில் பொருத்தப்பட்ட பிறகே மனிதன் வண்டிக்குள் அமர்ந்தபடி அதைக் கிளப்பும் நிலை பிறந்தது; ஆயினும் நம் அம்பாசடர் காரோடு ஹேண்டிலும் நெடுங்காலம் துணைக்கு வந்தது. இவ்வரலாற்றில் மேலை நூலோர் விட்டுவிட்ட கட்டம் ஒன்று உண்டு. வசதியான தமிழ்க் குடும்பங்களில், வீட்டுக்காரர் உள்ளே சட்டை மாட்டிக்கொண்டே, ‘டிரைவர், வண்டிய எடுப்பா’ என்று குரல் கொடுத்த அளவில் வாசலில் இன்ஜின் உறுமத் தொடங்குவதைத் தொலைவிலிருந்து கிளப்புதலின் முழுமை பெற்ற வடிவம் என்றே கருதவேண்டும். பேட்டரி தேவைப்படாத இம்முறையில் வண்டி கிளம்புவதோடு கேட்டும் திறந்தது, கண்ணாடியும் துடைக்கப்பட்டது, கட்டளை சேர்ந்ததற்கு அடையாளமாக ‘இதோ ஐயா’ என்னும் மறுமொழியும் திரும்பி வந்தது. கருவி டீக்கடைக்குப் போயிருக்கும் வேளைகளில் மட்டும் இணைப்பு துண்டிக்கப்பட்டது.

இனிப் பொருத்தும் முறை. ஸ்டீயரிங்குக்கு அடியில் உள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால் சாவித்துளையின் பின்புறத்திலிருந்து தடித்த ஒயர்கள் சில இறங்குவதைக் காணலாம். பேட்டரியிலிருந்து எப்போதும் மின்சாரம் வரும் ஒயர், இன்ஜினின் கணினிக்கும் எரிபொருள் பம்புக்கும் செல்லும் இக்னிஷன் ஒயர், ரேடியோ, ஊதுவிசிறி போன்ற துணைக்கருவிகளுக்குரிய ஒயர், ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் போகும் ஒயர் என அவை பகுக்கப்படும். நிறத்தை நம்பாமல் மல்டிமீட்டர் கொண்டே இவற்றை அடையாளம் காணவேண்டும்: சாவியை முழுவதும் திருகி இன்ஜினைச் சுழற்றும் கணத்தில் துணைக்கருவி ஒயர் மின்சாரத்தை இழக்கும், இக்னிஷன் ஒயர் இழக்காது, ஸ்டார்ட்டர் ஒயர் அந்தக் கணத்தில் மட்டும் உயிர்பெறும். ரிமோட் ஸ்டார்ட்டர் செய்வதெல்லாம் மனிதக் கை சாவியைக் கொண்டு செய்யும் இதே வேலையை ரிலேக்களின் உதவியால், அதே வரிசையில் நடித்துக்காட்டுவதே. ரிலே என்பது சிறு மின்னோட்டத்தால் பெரு மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சுவிட்சு. பேட்டரியின் அழுத்தம் 12.6 வோல்ட் அளவிலிருந்து 14 வோல்டை நெருங்கினால் ஆல்டர்னேட்டர் சுழல்கிறது, எனவே இன்ஜின் கிளம்பிவிட்டது என்று ஊகித்துக் கருவி ஸ்டார்ட்டரை விடுவிக்கும். பானட் திறந்திருந்தால் கிளம்பாமல் தடுக்க ஒரு சுவிட்சும், சாவி இல்லாமல் எவரேனும் பிரேக்கை மிதித்தால் இன்ஜினை அணைக்க ஓர் இணைப்பும் கட்டாயம் வேண்டும்.

இவ்வளவும் முடிந்து பொத்தானை அழுத்தினால் இக்காலக் கார் கிளம்பாது. சாவியின் தலைக்குள் பதிந்த சிறு சிப்பின் அடையாளத்தைப் படித்த பிறகே எரிபொருளை அனுமதிக்கும் இம்மொபிலைசர் என்னும் திருட்டுத் தடுப்பு அமைப்பு குறுக்கே நிற்கும். இதைக் கடக்கப் பொருத்துநர்கள் சிலர் கையாளும் வழி, காரின் இரண்டாவது சாவியையோ அதன் சிப்பையோ டேஷ்போர்டுக்குள் ஒளித்துவைத்து, தேவைப்படும்போது மட்டும் அதன் அடையாளம் படிக்கப்படுமாறு ஒரு கம்பிச்சுருளை அமைப்பதாகும். திருடனுக்கு எதிராக நிறுவப்பட்ட அமைப்பைத் திருப்திப்படுத்தத் திருடனுக்குத் தேவையான சாவியையே காருக்குள் குடிவைக்கும் இத்தீர்வின் நேர்மை வியக்கத்தக்கது.

இதைவிடவும் ஆழ்ந்து நோக்கத்தக்கது கியர் பற்றிய சிக்கல். மேடு பள்ளமான போர்ட் பிளேர்த் தெருக்களில் கையால் கியர் மாற்றும் காரை நிறுத்துவோர், ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பாமல் முதல் கியரிலோ ரிவர்ஸ் கியரிலோ போட்டுவிட்டு இறங்குவதே நல்ல பழக்கம். அப்படி நிறுத்திய காரைத் தொலைவிலிருந்து கிளப்பினால், ஸ்டார்ட்டர் மோட்டார் இன்ஜினோடு சக்கரங்களையும் சேர்த்துச் சுழற்றி, ஓட்டுநர் இல்லாமலேயே வண்டியை எதிர்வீட்டுச் சுவருக்கு அறிமுகப்படுத்தும். இதைத் தவிர்க்கக் கருவி செய்வோர் ஏற்படுத்திய சடங்கு ஒன்று உண்டு. காரை நிறுத்தும் உரிமையாளர் நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ரிமோட்டை அழுத்தி, சாவியை உருவ வேண்டும். சாவி இல்லாமல் ஓடும் வண்டியிலிருந்து இறங்கிக் கதவைச் சாத்திய பிறகே இன்ஜின் அணையும். கியரில் கை வைக்க உள்ளே எவரும் இல்லை என்பது இவ்வாறு கருவிக்கு உறுதிப்படுகிறது. அதன்பின் மறந்துபோன டிபன் பாக்ஸை எடுக்க யாரேனும் ஒரு கதவைத் திறந்தாலும் உறுதி குலைந்து, மறுநாள் காலை வண்டி கிளம்ப மறுக்கும். அதாவது, காலையில் வண்டிக்குள் ஏறிச் சாவியைத் திருகும் மூன்று விநாடி உழைப்பை மிச்சப்படுத்த, மாலைதோறும் ஒரு நித்திய பூசை நிகழ்த்தவேண்டியதாகிறது. இதற்கு உடன்படும் பொறுமைசாலிகளும், கிளட்சை மிதித்தால்தான் கிளம்பும் கார்களில் அந்தப் பாதுகாப்பு சுவிட்சையும் ஏமாற்றியாக வேண்டும் என்பதை அறிந்தபின் தயங்குவர்.

உப்புக்காற்றின் பங்கைச் சுருக்கமாகக் கூறினால் போதும். வெறுமனே முறுக்கி டேப் சுற்றிய செம்பு ஒயர் இத்தீவுகளில் விரைவில் பச்சை பூத்து மின்சாரத்தைக் கடத்த மறுக்கும் ஆதலால், இணைப்புகளை ஈயத்தால் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் குழாயால் மூடவேண்டும். பழுதான பாகத்துக்கு மாற்று பெரும்பாலும் சென்னையிலிருந்து கப்பலேறித்தான் வரும்.

சட்டத்தின் நிலை, பொருத்தும் முறையைவிடவும் சுவையானது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 126ஆம் பிரிவு, உரிமம் பெற்ற ஒருவர் ஓட்டுநர் இருக்கையில் இருந்தாலன்றி, அல்லது இயந்திரத்தை நிறுத்திப் பிரேக் முதலியவற்றால் வண்டி தானாக நகராதபடி செய்திருந்தாலன்றி, பொது இடத்தில் வண்டி நிற்க இடந்தரலாகாது என்கிறது. ஆளில்லாத வண்டியில் இயந்திரத்தை ஓடவிடுவதே தொழிலாகக் கொண்ட கருவிக்கும் இப்பிரிவுக்கும் சமரசம் செய்துவைக்க எந்த உரையாசிரியராலும் இயலாது. பொதுமக்களுக்கு உரிமையோடு சென்றுவர இடமுள்ள எதுவும் பொது இடமாகும் என அதே சட்டம் விளக்குவதால், தெருவோரமும் ஜெட்டி வாசலும் அபர்தீன் பஜாரும் விலக்கப்படுகின்றன. எஞ்சுவது சொந்த வீட்டு வளாகம் மட்டுமே. அங்கும் மூடிய ஷெட்டுக்குள் ஓடும் இன்ஜின் கார்பன் மோனாக்சைடு என்னும் மணமற்ற நச்சு வாயுவை நிரப்பிவிடும் என்பதால், திறந்த கொட்டகை உடையோரே இக்கருவிக்கு முழுத் தகுதி பெறுகின்றனர்.

ரிமோட்டுக்கு எட்டும் தூரம் சில நூறு மீட்டரே எனக் குறைபடுவோருக்குச் செல்பேசிச் செயலி வழியே கிளப்பும் இணையக் கார்கள் வந்துள்ளன. 2019 மே மாதம் வந்த ஹூண்டாய் வென்யூ இவ்வகையில் இந்தியச் சந்தைக்கு முன்னோடிகளுள் ஒன்று. அந்தமான் அப்போது செயற்கைக்கோளின் மெலிந்த இணையத்தையே நம்பியிருந்தது. 2020 ஆகஸ்ட் 10 அன்று, சென்னையையும் தீவுகளையும் இணைக்கும் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் கடலடிக் கேபிள் திறந்துவைக்கப்பட்ட பிறகு நிலைமை மாறியது. கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்வதால், சென்னை மண்ணடியில் ஒருவர் தரும் கட்டளை வங்கக் கடலின் அடித்தளத்தை ஒரு விநாடியின் ஐம்பதில் ஒரு பங்குக்குள் கடந்து போர்ட் பிளேரின் ஜங்கிளிகாட்டில் நிற்கும் காரைக் கிளப்புவது கொள்கையளவில் இயலும். அவர் கப்பலேறி வந்துசேர ஏறத்தாழ மூன்று நாள் ஆகும். கருவிகள் வழக்கமாகப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் இன்ஜினைத் தாமே அணைத்துவிடுமாறு அமைக்கப்பட்டிருப்பது எரிபொருளுக்கு நல்லதாயிற்று. நிற்கும் கார் மணிக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை குடிக்கக்கூடியது, தீவின் பெட்ரோலோ கடல் கடந்து வருவது.

இதுவரை கூறியவற்றை எல்லாம் பின்னுக்குத் தள்ளும் செய்தி அந்தமான் டிரங்க் சாலையில் உள்ளது. அச்சாலை ஜிர்காட்டாங்கில் ஜாரவா பழங்குடியினரின் காப்புப் பகுதிக்குள் நுழைகிறது. 1956ஆம் ஆண்டின் பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குமுறை காக்கும் அப்பகுதியில் தனி வண்டிகள் நினைத்த நேரத்தில் செல்ல இயலாது. குறித்த வேளைகளில், காவலர் துணையுடன், கான்வாய் எனப்படும் வண்டி வரிசையாக மட்டுமே செல்லவேண்டும். வழியில் நிற்கவோ படமெடுக்கவோ கூடாது. அப்பகுதியைக் கடந்தால் மிடில் ஸ்ட்ரெய்ட் என்னும் நீரிணை. அங்கே வண்டியைப் படகில் ஏற்றிப் பாரடாங் கரை சேரவேண்டும். முதல் கான்வாயைப் பிடிக்க விழைவோர் சூரியனுக்கும் முன்பாகப் போர்ட் பிளேரிலிருந்து கிளம்பிவிடுவதால், அந்நேரத்தில் குளிரவைப்பதற்கு உரிய சூடு காரில் இருப்பதில்லை. ஜிர்காட்டாங்கில் வரிசை நின்று, வெயில் ஏறி, ஓட்டுநர்கள் டீக்கடைகளில் அமர்ந்திருக்கும் பொழுதுதான், கான்வாய் புறப்படுவதற்கு ஐந்து நிமிடம் முன்பு, கையில் டீ கிளாஸோடு தொலைவிலிருந்து ஏசியை ஓடவிடும் வசதி உண்மையிலேயே தேவைப்படுகிறது. அந்த இடமோ 126ஆம் பிரிவு கூறும் பொது இடம். ஆக, சட்டம் அனுமதிக்கும் வீட்டு முற்றத்தில் நான்கு கதவையும் இரண்டு நிமிடம் திறந்துவைத்தாலே தீர்ந்துவிடும் புழுக்கத்துக்கு ஒரு கருவியும், அது உண்மையில் உதவக்கூடிய ஒரே இடத்தில் சட்டத் தடையும் அமைந்துள்ளன.

எனவே, கையால் கியர் மாற்றும் கார் உடையோர் இக்கருவியைப் பொருத்தாதிருப்பதே நன்று. ஆட்டோமேட்டிக் கார், திறந்த கொட்டகை, சொந்த முற்றம் மூன்றும் உடையோர் கம்பெனி பொருத்தித் தரும் வடிவத்தை மட்டும் வாங்கலாம். பாரடாங் செல்வோர் எந்தக் கார் வைத்திருப்பினும் கான்வாய் நேரத்தை முன்தினமே கேட்டறிந்து ஜிர்காட்டாங் போய்ச் சேரவேண்டும். கான்வாயைத் தொலைவிலிருந்து கிளப்பும் ரிமோட் இதுவரை விற்பனைக்கு வரவில்லை.