பெரியம்மாவின் ஊக்கு

வேட்டி கட்டத் தெரியாது என்பதை ஊருக்குத் தெரியாமல் மறைக்க 850 ரூபாய் கொடுத்து ஒட்டிக்கொள்ளும் வேட்டி வாங்கினேன். தங்கை கல்யாண மேடையில் போட்டோவுக்கு நின்றபோது, இடுப்பில் 'பர்ர்' என்றது. கெட்டிமேள நேரமாக இருந்திருந்தால் தப்பித்திருப்பேன். தவில்காரர் அப்போதுதான் காபி குடிக்கப் போயிருந்தார்.

இரண்டு முழங்கைகளாலும் வேட்டியை இடுக்கிக்கொண்டு, நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்து, பந்தி வாசலில் பெரியம்மாவைப் பிடித்தேன். அவள் விசாரணையெல்லாம் வைக்கவில்லை. தாலிச் செயினை வெளியே இழுத்தாள். தாலிக்குத் துணையாக மூன்று ஊக்குகள். சின்னது முந்தானை மடிப்புக்கு, நடுவாந்திரம் கொசுவத்துக்கு, பெரியது பாவாடையில் நாடா கோக்க. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பெரியதைக் கழற்றினாள்.

"தொந்தியை உள்ளே இழுடா."

இழுத்தேன். 'டக்'. அதற்குப் பிறகு இரண்டு தடவை பாயசம் வாங்கியும் அந்த ஊக்கு அசரவில்லை.

இந்த ஊக்கைக் கண்டுபிடித்தவர் வால்டர் ஹண்ட் என்கிற அமெரிக்கர். 15 டாலர் கடனை அடைக்க வழி தெரியாமல், ஒரு துண்டுக் கம்பியை வளைத்து வளைத்துப் பார்த்ததில் பிறந்தது என்பார்கள். 1849-இல் காப்புரிமை வாங்கி, அதை 400 டாலருக்கு விற்றுவிட்டார். ஒரு முனையில் சுருள், மறுமுனையில் கூர்நுனியை மூடும் தொப்பி. அவ்வளவுதான் சமாச்சாரம். இன்றுவரை அதில் திருத்த ஒன்றும் இல்லை. என் வீட்டு மிக்சிக்கு வாரண்டி கார்டு இருக்கிறது, மிக்சிதான் ஓடவில்லை.

வீட்டில் விலை கூடிய சாமான் எது மக்கர் பண்ணினாலும் கடைசியில் ஊக்கைத்தான் தேடுகிறோம். குக்கரின் ஆவிக்குழாய் அடைத்துக்கொண்டால் ஊக்கு. பையனின் முப்பதாயிரம் ரூபாய் போனில் சிம் மாற்ற ஊக்கு. தாம்பரம் ரயிலில் டஜன் பத்து ரூபாய்க்கு விற்கிறார்கள். மாதம் ஒரு டஜன் வாங்குகிறேன். அவசரத்துக்குத் தேடினால், பன்னிரண்டையும் கோத்திருந்த வளையம் மட்டும் கிடைக்கிறது.

கல்யாணம் முடிந்த மறுநாள் காலை ஆறு மணிக்குப் பெரியம்மாவின் போன். வீடு கட்டும்போது அவளிடம் வாங்கிய ஐம்பதாயிரம் கைமாற்று ஞாபகம் வந்து வயிற்றைக் கலக்கியது. ஏழு வருஷமாகிறது, அவள் வாய் திறந்ததில்லை.

"ஏண்டா, என் ஊக்கு எங்கே?"

"கொண்டு வந்து தர்றேன் பெரியம்மா."

"பெரிய ஊக்குடா அது. மறந்துடாதே."

பாவம் வால்டர் ஹண்ட். அவருக்கு இப்படி ஒரு பெரியம்மா இருந்திருந்தால் அதை 400 டாலருக்கு விட்டிருப்பாரா?