எடையே இல்லாத பொட்டலம்

கைப்பையோடு மட்டும் உலகம் சுற்றுவது எப்படி என்று சொல்லித்தருகிறவர்களைக் கவனித்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். அவர்கள் யாருக்கும் அத்தை கிடையாது. சித்தி, ஒன்றுவிட்ட அண்ணன், மாடிவீட்டு அக்கா, சம்பந்தி வீட்டார் எவரும் கிடையாது. மூன்று சட்டை, இரண்டு பேன்ட், ஒரு டூத் பிரஷ், பாஸ்போர்ட், ஜிப்பை இழுத்து மூடினால் கிளம்பியாயிற்று. வாசல்வரை வந்து, "சிங்கப்பூர்தானே போற? இத நம்ம பொண்ணுகிட்ட குடுத்துடும்மா, எடையே இல்ல" என்று ஒரு பொட்டலத்தை நீட்ட அவர்களுக்கு ஆளில்லை.

நம் பெட்டியில் நம்முடைய சாமான் எப்போதும் கால்வாசிதான். மீதி முக்கால்வாசி பிறத்தியார் பாசம். சட்டையை எப்படிச் சுருட்டினால் இடம் மிச்சமாகும் என்று படம் போட்டுக் காட்டுகிறார்கள். அத்தையை எப்படிச் சமாளிப்பது என்று ஒருவரும் காட்டக் காணோம்.

என் தங்கை சிங்கப்பூரில் குடித்தனம் செய்கிறாள். புதிதாக வாங்கிய அடுக்குமாடி வீட்டுக்குக் கிரகப்பிரவேசம் என்று கூப்பிட்டிருந்தாள். கிடைத்தது மலிவு டிக்கெட். பெட்டியைச் சரக்கில் போட வேண்டுமானால் தனியாகக் காசு; கையில் ஏழு கிலோ மட்டும் இலவசம். "ஏழு போதும்" என்று சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாருக்கு?" என்றார்.

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. நாமெல்லாம் ரயில் வளர்த்த ஜனங்கள். ஸ்லீப்பர் வகுப்பில் ஆளுக்கு 40 கிலோ, இரண்டாம் வகுப்பில் 35 கிலோ வரை சாமான் கட்டணமில்லாமல் கொண்டுபோகலாம் என்கிறது ரயில்வே. அதையும் நிறுத்துப் பார்த்து நான் கண்டதில்லை. சீட்டுக்கு அடியில் நுழைந்தால் அது அளவான சாமான். நுழையாவிட்டால் எதிர் சீட்டுக்காரரைக் காலை மடக்கிக்கொள்ளச் சொல்ல வேண்டியதுதான். ஹோல்டால், டிரங்குப் பெட்டி, கூஜா, கட்டுச்சோற்று மூட்டை, அத்தனைக்கும் மேலே, போகிற இடத்தில் கிடைக்காமல் போய்விடுமோ என்று ஒரு முருங்கைக்காய்க் கட்டு. இப்படித்தான் எங்கள் அப்பா தஞ்சாவூரிலிருந்து எழும்பூரில் வந்து இறங்குவார்.

சக்கரம் வந்துதான் நம்மைக் கெடுத்தது என்பது என் கட்சி. மனிதன் நிலவில் கால் வைத்தது 1969இல். சக்கரம் வைத்த பெட்டிக்குப் பெர்னார்ட் சாடோ என்ற அமெரிக்கர் காப்புரிமை வாங்கியது 1972இல். அதையும் நாய்க்குட்டியைப் போல வார் கட்டித்தான் இழுக்க வேண்டியிருந்தது. பெட்டியை நிமிர்த்தி, நீளுகிற கைப்பிடி போட்டு உருட்ட வைத்தவர் ராபர்ட் பிளாத் என்ற விமானி, அது 1987. அதற்கு முன்பெல்லாம் பெட்டியைத் தூக்கிப் பார்ப்போம், 'அம்மாடி' என்போம், இரண்டு புடவையை வெளியே எடுத்துவிடுவோம். சக்கரம் வந்தபின் கனம் கைக்குத் தெரிவதில்லை, ஆகவே எதையும் எடுப்பதில்லை. கடைசியில் விமானக் கம்பெனி தராசோடு வந்து நிற்க வேண்டியதாயிற்று.

அந்த ஏழிலும் பாதியைப் பெட்டியே தின்றுவிடும். சக்கரம், கைப்பிடி, கெட்டி உடம்பு எல்லாம் சேர்ந்து காலிப் பெட்டியே இரண்டரை, மூன்று கிலோ. நாலு கிலோ துணி வைக்க மூன்று கிலோ பெட்டி! நான் அதைப் பரணுக்கு அனுப்பிவிட்டு, கல்யாண ஜவுளி எடுத்தபோது கடையில் கொடுத்த தோள்பையை எடுத்துக்கொண்டேன். நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 115 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்ற கணக்குக்கும் அது சரியாக வந்தது. பையின் மேல் கடைப்பெயர் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை இருந்தது. இருக்கட்டும், திருடன்கூடத் தொடமாட்டான்.

வீட்டுக்காரர் கூட்டுறவு வங்கியில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். கொக்கியில் தொங்கவிட்டு எடை பார்க்கும் சின்ன எலக்ட்ரானிக் தராசு ஒன்றை வாங்கி வந்தார். அன்றிலிருந்து வீட்டில் எந்தப் பொருளுக்கும் நிம்மதி இல்லை. சீப்பு, கண்ணாடிக்கூடு, விபூதிச் சம்புடம் எல்லாம் மஞ்சப்பையில் ஏறிக் கொக்கியில் தொங்கின. நான் எடுத்து வைத்திருந்த நாவலின் முறை வந்தது.

"ஏற்கெனவே படிச்சதா?"

"ஆமாங்க, ரெண்டாந்தரம் படிக்கலாம்னு."

"முடிவு மாறப்போறதில்லையே" என்று அலமாரியில் திருப்பி வைத்துவிட்டார்.

புடவை விஷயத்தில் மட்டும் எனக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது. குறைந்த சாமானோடு போகிறவர்களுக்கு அதைவிடத் தோதான உடை உலகத்தில் கிடையாது என்று அடித்துச் சொல்வேன். அளவு என்ற பேச்சே இல்லை. தங்கை கைச் சமையலில் நாலு கிலோ ஏறினாலும் அதே புடவை சுற்றிக்கொள்ளும். ஐந்தரை மீட்டர் துணி, மடித்தால் ஒரு தீபாவளி மலர் தடிமன்தான். போர்த்திக்கொள்ளலாம், விரித்துப் படுக்கலாம், ஜன்னலுக்குத் திரை கட்டலாம், அவசரத்துக்குப் பிள்ளைக்குத் தூளியாகவும் ஆகும். இதையெல்லாம் ஜீன்ஸில் செய்து காட்டச் சொல்லுங்கள். பூனம் புடவைகள் பைக்குள் போனதே தெரியவில்லை. சிக்கல் பட்டில் வந்தது. கிரகப்பிரவேசத்துக்குப் பட்டு இல்லாமல் போய் நின்றால் தங்கையின் மாமியார் என்ன நினைப்பார்? ஜரிகை கனத்த காஞ்சிபுரமோ ஒரு கிலோவைத் தொட்டது. கொக்கித் தராசைப் பார்த்து வீட்டுக்காரர் உதட்டைப் பிதுக்கினார்.

அப்போதுதான் சட்டத்தில் உள்ள பெரிய ஓட்டை என் கண்ணில் பட்டது. பையைத்தான் நிறுக்கிறார்கள், ஆளை நிறுப்பதில்லை. ஆகவே நள்ளிரவு விமானத்துக்கு, அரக்குக் கரை போட்ட மயில்கழுத்துப் பட்டைக் கட்டிக்கொண்டு மீனம்பாக்கத்தில் போய் நின்றேன். சுற்றிலும் எல்லோரும் தூக்கத்துக்கு வாகாக டிராக் பேன்ட்டில் இருந்தார்கள். சோதனைச் சாவடியில் இருந்த பெண் காவலர் கருவியை ஒரு பக்கம் வைத்துவிட்டு முந்தானையை விரல்களால் தடவிப் பார்த்து, இந்தியில் விலை கேட்டார். இந்தி எண்கள் எனக்கு இருபதுக்கு மேல் ஓடாது. நான் ஏதோ சொன்னேன். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தால் கால் விலைதான் சொல்லியிருப்பேன்.

இதற்கெல்லாம் முன்னால் அத்தையைக் கடக்க வேண்டியிருந்தது.

நான் போகும் செய்தி எப்படியோ மாயவரத்தில் இருக்கும் அத்தைக்கு எட்டி, சிங்கப்பூரில் இருக்கும் அத்தை மகளுக்கென்று பொட்டலங்கள் வந்து இறங்கிவிட்டன. நான் மறுக்கவில்லை. மறுக்கிற வேலையைச் சட்டத்திடம் ஒப்படைத்துவிட்டு, அத்தைக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிரித்தேன்.

முதலில் மாவடு. 2006 ஆகஸ்டில், லண்டனிலிருந்து அட்லாண்டிக்கைத் தாண்டும் விமானங்களில் குளிர்பான பாட்டிலில் வெடிமருந்துக் கரைசலைக் கொண்டுபோகச் சிலர் போட்ட திட்டம் பிடிபட்டது. அதையொட்டி வந்ததுதான் கைப்பையில் திரவம் என்றால் ஒரு புட்டிக்கு 100 மில்லி, எல்லாப் புட்டியும் ஒரு லிட்டர் பைக்குள் அடங்க வேண்டும் என்ற கட்டுப்பாடு. லண்டன்காரன் செய்த வினைக்கு மாயவரத்து மாவடு என்ன பண்ணும் என்று அத்தை கேட்டார். பிறகு அவரே இறங்கி வந்து, "பெரிய பாட்டில்லயே நூறு மில்லி மட்டும் விட்டுக்கயேன்" என்றார். புட்டியின் அளவுதான் கணக்கு, உள்ளே இருப்பது இல்லை என்று விளக்கினேன்.

அடுத்து நெய், புளிக்காய்ச்சல், தக்காளித் தொக்கு. "தொக்கு எங்கடி ஒழுகுது? கரண்டியக் கவுத்தாக்கூட விழாது, அப்படிச் சுருளக் கிண்டியிருக்கேன்." வாஸ்தவம்தான். ஆனால் கூழ், பசை, களிம்பு எல்லாமே அவர்களுக்குத் திரவம். இந்தச் சட்டத்தை நம் அடுப்படியில் வைத்துப் பார்த்தால் தலை சுற்றும். இட்லி திடப்பொருள், இட்லி மாவு திரவம். வடை போகும், தயிர்வடை போகாது. புளியோதரை உண்டு, புளிக்காய்ச்சல் இல்லை. வெண்பொங்கல் எந்தக் கட்சி என்பது கிண்டுகிற கையைப் பொறுத்தது. என் கையில் அது திரவம்.

"சரி, பொடிய என்ன சொல்லுவே?" என்று அத்தை மடக்கினார். பருப்புப் பொடி தப்பித்தது. அமெரிக்கா போகிறவர்களுக்கு அதுவும் சுலபமில்லை. 2018 முதல் கைப்பையில் 350 மில்லி அளவுக்கு மேல் பொடி இருந்தால் தனியாகச் சோதிப்பார்கள், சந்தேகம் தீராவிட்டால் அது விமானத்துக்குள் ஏறாது. நான் போவது சிங்கப்பூர். குருமாப் பொடியைக் கையில் எடுத்தேன்.

"இதுல கசகசா போட்டிருக்கீங்களா அத்தை?"

"கசகசா போடாம என்னடி குருமா?"

கசகசாவைச் சிங்கப்பூரின் போதைப்பொருள் தடுப்புத் துறை தடைப்பட்டியலில் வைத்திருக்கிறது. அபின் எடுக்கிற அதே செடியின் விதை அது. சொன்னேன். மறுமுனையில் சத்தமே இல்லை. "குருமாவுக்கு ஜெயிலா?" என்று கடைசியில் மெல்லக் கேட்டார்.

கொப்பரை மிச்சமிருந்தது. அத்தை வீட்டுத் தோப்புக் கொப்பரை. அபாயப் பொருள்களுக்கு ஐ.நா. கொடுக்கும் எண்வரிசையில் கொப்பரைக்கு 1363 என்று ஓர் எண்ணே இருக்கிறது. எண்ணெய்ச் சத்தினால் தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும் என்று கணக்கு. "எங்க பரண்ல காலங்காலமா கெடக்கு, ஒருநாளும் பத்திக்கலயே" என்றார் அத்தை. எனக்கும் இதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. லித்தியம் பேட்டரியும் தீப்பிடிக்கும். பிடித்தால் உடனே அணைக்க வசதியாக, பவர் பேங்க்கைச் சரக்கில் போடாமல் கையில்தான் கொண்டுவர வேண்டும் என்கிறார்கள். பவர் பேங்க் மடியிலேயே உட்கார்ந்து வரலாம், கொப்பரைக்கு மட்டும் இடமில்லையாம்.

முறுக்கின் மேல் குற்றம் சொல்ல எவ்வளவு தேடியும் ஒன்றும் அகப்படவில்லை. ஆக, முறுக்கும் பருப்புப் பொடியும் தேறின. "எடையே இல்ல பாரு" என்றார் அத்தை. கொக்கித் தராசு ஒரு கிலோவைத் தாண்டி நின்றது. என் ஷாம்பு, ஒரு பூனம் புடவை, வீட்டுச் செருப்பு மூன்றும் பையை விட்டு இறங்கின.

சாங்கியில் இறங்கிப் பெட்டி வரும் பெல்ட்டைத் தாண்டி நடந்தேன் பாருங்கள், அந்த நூறடிதான் ஏழு கிலோவின் முழுச் சுகம். என்னோடு வந்தவர்கள் டிராலியைக் குறுக்கே நிறுத்திக்கொண்டு, ரப்பர் பட்டை எந்தப் பக்கம் சுற்றப்போகிறது என்று கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார்கள். வந்ததெல்லாம் கறுப்புப் பெட்டி. அடையாளத்துக்கென்று கட்டிய ரிப்பன் எல்லாம் சிவப்பு. ஒருவர் இன்னொருவர் பெட்டியை இறக்குவதும், ரிப்பனைத் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி ஏற்றுவதுமாக இருந்தார்கள். நான் பட்டுப் புடவை சரசரக்க, தோள்பையோடு கடந்துபோனேன். பெருமை நீடிக்கவில்லை, சாங்கியில் பெட்டி சீக்கிரமே வந்துவிடும். டாக்ஸி வரிசையில் அத்தனை பேரும் எனக்குப் பின்னால் வந்து நின்றார்கள்.

வாசலில் தங்கை என்னைக் கட்டிக்கொண்டு, என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "மீதி எங்கக்கா?" என்றாள்.

மறுநாள் தேக்கா சந்தைக்கு அழைத்துப் போனாள். வாழைப்பூ, முருங்கைக்கீரை, சேனை, புட்டி புட்டியாக ஊறுகாய், அத்தனையும் அங்கே இருக்கிறது. அத்தை மகளும் அங்கேதான் வாங்குகிறாள். இருந்தும் முறுக்கைக் கையில் வாங்கியதும், "அம்மா மாவடு குடுத்து விடலையா?" என்றாள். பருப்புப் பொடிப் பொட்டலத்தின் மேல் நாட்காட்டித் தாளில் அத்தை கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: 'மாப்பிள்ளைக்குப் போடாதே. காரம். அவருக்குத் தனியாக அடுத்த தடவை.' இப்படிச் சீட்டு ஒட்டிய பொடி தேக்காவில் கிடைக்காதுதான்.

திரும்பும்போது கணக்கு தலைகீழாகிவிட்டது. சிங்கப்பூர் என்றாலே நம் பக்கத்துக்குக் கோடாலித் தைலம். 1928 முதல் அங்கே தயாராவது. ஊரில் முழங்கால் உள்ள அத்தனை பேரும் கேட்டிருந்தார்கள். அவர்கள் கேட்கும் புட்டி 56 மில்லி. நூறைத் தாண்டவில்லை, கூழுமில்லை, கசகசாவுமில்லை. சட்டத்தின் பின்னால் நான் ஒளிந்துகொள்ள இடமே இல்லை. ஒரு லிட்டர் பை முழுக்கப் புட்டிகள் இறங்கின. என் தலைக்கு எண்ணெயும் முகத்துக்கு கிரீமும் தங்கை வீட்டிலேயே தங்கிவிட்டன. சோதனையில் அந்தப் பையைத் தட்டில் எடுத்து வைத்தபோது அங்கிருந்த அதிகாரி பையையும் என் முழங்காலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, உட்கார நாற்காலி வேண்டுமா என்று கேட்டார்.

தை மாதம் மறுபடி போகிறேன், அதே ஏழு கிலோவோடுதான். இந்த இதழ் மாயவரம் வரை போகும் என்று தெரியும். எங்கள் அத்தை கண்ணில் பட்டால், நான் மாசியில்தான் போவதாகச் சொல்லி வைக்கும்படி வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.