கீழேயிருந்து வந்தவர்கள்

கோடைக்கானல் ஏரிக்கரைவாசி, கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில், ஏரியைச் சுற்றியுள்ள சரிவுகளில் காணப்படுபவர். மற்ற ஊர்கள் அனைத்துக்கும் அவர் பேச்சில் ஒரே பெயர்தான்: ‘கீழே’. வத்தலக்குண்டும் கீழே, மதுரையும் கீழே, சென்னையும் கீழே. மகன் குடியேறிய அமெரிக்காவும் பேச்சுவாக்கில் கீழேதான்.

ஏரிக்கரைவாசிகளில் மூன்று வகை உண்டு. முதல் வகையினர் மே மாதத்துக்கு மட்டும் வருபவர்கள். மீதிப் பதினொரு மாதமும் அவர்களுடைய பங்களாவைத் தோட்டக்காரர் பார்த்துக்கொள்கிறார். ஏரியையும் அவரே பார்த்துக்கொள்கிறார். இரண்டாம் வகையினர் கீழே உத்தியோகம் பார்த்து, ஓய்வு பெற்று, வந்த பணத்தில் வீடு வாங்கியவர்கள். மூன்றாம் வகையினர் இங்கேயே பிறந்தவர்கள். படகு, குதிரை, வாடகை சைக்கிள், சோளக்கதிர் என்று பிழைப்பு இருப்பதால் அவர்களுக்கு ஏரியைப் பற்றிப் பேச நேரமில்லை. அந்தப் பொறுப்பு முழுவதும் இரண்டாம் வகையினரிடம் வந்து சேர்ந்துவிட்டது. அசல் ஏரிக்கரைவாசி என்று கொள்ளத்தக்கவர் இவரே.

ஏரி நட்சத்திர வடிவம் கொண்டது. கரையில் நிற்பவர் கண்ணுக்கு முழுதும் அகப்படாமல் கை கையாகப் பிரிந்து கிடக்கும். அவரவர் ஜன்னலுக்குத் தெரியும் கைதான் அவரவருக்கு ஏரி. ‘லேக் வியூ’ என்று பலகை மாட்டிய வீடுகள் சிலவற்றில், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி நின்றால் அந்தப் பெயர் பலிக்கும்.

சூரியனை நூறாண்டுக்கு மேலாகக் கவனித்துவரும் வானாய்வகம் ஊரிலேயே இருக்கிறது. ஆனாலும் தட்பவெப்பத்துக்கு ஏரிக்கரைவாசி நம்புவது குளியலறை மாடத்துத் தேங்காயெண்ணெய் பாட்டிலைத்தான். எண்ணெய் உறைந்திருந்தால் ஊர் ஒழுங்காக இருக்கிறது. உருகியிருந்தால் சுற்றுலாப் பயணிகள் அதிகமாகிவிட்டார்கள். அவருடைய மனைவியிடம் இருக்கும் கருவி இட்லி மாவு. அது பொங்கவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும். பாத்திரத்துக்குப் பழைய ஸ்வெட்டர் மாட்டி, கம்பளி போர்த்தி, அடுப்பு மேடை ஓரமாக உட்கார வைத்தால் இரண்டாம் நாள் மனம் இரங்கும். கணவருடைய ஸ்வெட்டர் காணாமல் போகும் வீடுகளில் மறுநாள் இட்லி என்று அறியலாம்.

காலை நடை ஏரியைச் சுற்றிய ஐந்து கிலோமீட்டர். அதில் எதிர்ப்படும் சக வாசிகள் நலம் விசாரிப்பதில்லை, “மேலே வந்து எத்தனை வருஷமாச்சு?” என்றுதான் கேட்பார்கள். பதில்தான் மரியாதையின் அளவுகோல். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சியைக் கொண்டு கணக்குச் சொல்வது வழக்கம். 2006, 2018 இரண்டையும் பார்த்தவர் முன்னே நடப்பார். 2018 மட்டும் பார்த்தவர் அரையடி பின்தங்குவார். போன வருஷம் வந்தவர் அவர்களுக்குப் பிளாஸ்க் தூக்குவார்.

வழியில் மஞ்சு இறங்கி ஏரியை மூடிவிடுவதுண்டு. தண்ணீரிலிருந்து பத்தடி தள்ளி நின்றுகொண்டு, “சார், லேக் எந்தப் பக்கம்?” என்று ஒரு குடும்பம் கேட்கும். “நாளைக்குக் காலையில ஆறரைக்கு வாங்க, இங்கேயேதான் இருக்கும்” என்பது ஏரிக்கரைவாசியின் பதில். அன்று முழுவதும் அந்தப் பதிலை அவரே நாலு பேரிடம் சொல்லிச் சிரிப்பார்.

வாசலில் வெளியூர்க் கார் இரண்டு நிமிடம் நின்றால் அவருக்கு ரத்தக்கொதிப்பு ஏறும். இரவில் காட்டுமாடு வேலியை முறித்து, தோட்டத்தில் புகுந்து, செடிகளை மேய்ந்துவிட்டுப் போனாலோ, “நேத்து நம்ம வீட்டுக்கு வந்துச்சு” என்று சம்பந்தி வந்துபோன மாதிரி பெருமையாகச் சொல்வார். காட்டுமாடு ஹாரன் அடிப்பதில்லை என்பதைத் தவிர இந்தப் பாரபட்சத்துக்கு வேறு காரணம் தெரியவில்லை.

நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் மலையேறும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயமானது. உள்ளூர்க்காரர்களுக்கு அது வேண்டாம் என்ற அறிவிப்பை அவர் பத்ம விருது போல ஏற்றுக்கொண்டார். சென்னையிலிருந்து வரும் சொந்த மகனுக்கும் பாஸ் வேண்டும் என்று தெரிந்தபோதுதான் அரசின் போக்கு சரியில்லை என்று தோன்றியது. தமக்குப் பின்னால் வந்தவர்களால் ஊர் கெட்டுவிட்டது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அவருக்கு முன்னால் வந்தவரும் அதையேதான், அவரைப் பார்த்தபடியே சொல்கிறார்.

உண்மையில் இந்த மலையின் பழங்குடிகள் பளியர்கள். அவர்கள் ‘லேக் வியூ’ பலகை மாட்டியதில்லை. ஏரிகூடப் பூர்வீகம் இல்லை. மதுரை ஆட்சியராக இருந்த வெர் ஹென்றி லெவிஞ்ச் 1863-இல் ஓடைகளை அணை கட்டி மறித்து உண்டாக்கியது அது. அதில் மிதந்த முதல் படகும் தூத்துக்குடியிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள், அதாவது, கீழேயிருந்து.

ஏரி நிரம்பி வழியும் தண்ணீர் எட்டு கிலோமீட்டர் இறங்கிப்போய், மலைப்பாதை ஓரம் 180 அடி உயரத்திலிருந்து வெள்ளி நீர்வீழ்ச்சியாக விழுகிறது. மேலே வரும் பேருந்துகள் அங்கே நின்று படம் எடுத்துக்கொண்டுதான் புறப்படும். ஏரிக்கரைவாசி முகம் சுளிக்கும் பயணிகளை ஏரி அங்கேயே போய் எதிர்கொண்டு அழைத்துவிடுகிறது.